அசல் பிரேக்

'அசல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஆம்பிளைகளிடம் போய் நின்று பாருங்கள், வாய்க்கு வாய் அதுதான். அசல் பெயின்ட், அசல் சீட், அசல் திருகாணி. கட்டிய பெண்டாட்டி எக்கேடு கெட்டால் அவர்களுக்கு என்ன?

என் புருஷன் டெஸ்மண்ட் வைத்திருப்பது ஐம்பதுகளில் வந்த பச்சை வண்டி, இரண்டே சீட்டு, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற இந்த டார்பிஷயரில் பால் வாங்கப் போனால்கூட மலை ஏறி இறங்க வேண்டும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிவிடும், அப்புறம் பெடலை எவ்வளவு அமுக்கினாலும் வண்டி கேட்காது. போன வருஷம் கேட்கவில்லை. கல் சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஆட்டு மந்தைக்கு நடுவில் போய் நின்றோம். எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த மனுஷன் முதலில் ஓடிப்போய்த் தடவிப் பார்த்தது பம்பரை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டேன். "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போடு. இல்லேன்னா செத்தாலும் அதுல ஏற மாட்டேன்."

"அந்தக் காருக்கே அது அவமானம், மேவிஸ்."

"அவமானப்பட்டுட்டுப் போகட்டும்."

குளிர்காலம் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அதற்கப்புறம் பெடலைத் தொட்டால் போதும், வண்டி சொன்ன இடத்தில் நிற்கும். எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. நானே ஓட்ட ஆரம்பித்தேன். அவனை நம்பினேன், அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் கிளப் போட்டி, பழைய கார்களைப் பார்த்து மார்க் போடுவார்கள். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"முதுகு பிடிச்சிருக்கு. நீ காரை எடுத்துட்டு முன்னால போ, நான் நம்ம வேன்ல பின்னாடியே வர்றேன். பெடல் கொஞ்சம் ஆழமா இறங்கும், பயப்படாத. புது பிரேக் பேட் போட்டிருக்கேன், பழகணும்."

இறக்கத்தில் பெடல் மெத்தென்று போய்க்கொண்டே இருந்தது. தீய்ந்த நாற்றம் வேறு. கியரைக் குறைத்து, சாமியை எல்லாம் கூப்பிட்டு, ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தேன். புதுப் பேட், அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நடுவர் லம்லி என்று ஒரு ஆள், கையில் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். எழுந்தபோது முகமெல்லாம் பல்.

"அற்புதம்! நாலு சக்கரத்துலயும் அசல் டிரம். கண்டவன் எல்லாம் டிஸ்க்கை மாட்டிக் காரைக் கெடுத்து வச்சிருக்கான். மேடம், உங்க வீட்டுக்காரர் மானஸ்தன்."

மானஸ்தன் புல்லைப் பார்த்துக்கொண்டு கேக் தின்றுகொண்டிருந்தான். சட்டைக் கையைப் பிடித்து டீக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"எப்ப மாத்தின?"

"நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப. போட்டிக்கு மட்டும்தான். நாளைக்கே டிஸ்க்கைத் திரும்ப மாட்டிடறேன், சத்தியமா."

"லாரியில ஏத்திட்டு வந்து தொலைக்கறதுதானே?"

"லாரியில வந்தா மார்க்கைக் குறைச்சிடுவாங்க. ஓட்டிட்டுத்தான் வரணும்."

"அப்ப நீ ஓட்டியிருக்கணும். நிஜமாவே முதுகு வலியா?"

அவன் மெல்வதை நிறுத்தினான். உதட்டோரம் கிரீம் ஒட்டியிருந்தது.

"எனக்குத்தான் விஷயம் தெரியுமே, மேவிஸ். தெரிஞ்சுக்கிட்டு எப்படி ஓட்டறது? பயமா இருக்காதா? உனக்குத் தெரியாது, நீ நிம்மதியா ஓட்டிடுவியேன்னு..."

ஓங்கி அறையலாமா என்று கை எழுந்தது. அந்தக் கன்னத்தைத் தொட வேண்டுமே என்று அருவருப்பில் இறக்கிவிட்டேன். இத்தனை வருஷம் என் பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தது இதுதானா? தூ!

மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம், வாங்கிட்டு வந்துடறேன்."

போனான். அந்த நேரத்திலும் போனானே! முதுகு வலி எங்கே போயிற்றோ, படியில் துள்ளி ஏறினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெள்ளிக் கோப்பையோடு திரும்பி வந்தவனிடம் கையை நீட்டினேன். "வேன் சாவி." கொடுத்தான். கார் சாவியை எடுத்து அந்தக் கோப்பைக்குள் போட்டேன்.

"அப்ப நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"பயந்துக்கிட்டே வா."

அவனாவது ஓட்டுவதாவது! சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே கார், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இவன். நான் போய் ஷெட் கதவை அகலத் திறந்துவிட்டேன். பிறகு உள்ளே வந்து வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.