நாற்பது நொடிக் குரல்

டிவித் திரையில் கல்யாணம், சுற்றுலா, பிறந்தநாள், சினிமா, லிஃப்ட் கையேடுகள் என்று எல்லா ஃபோல்டரும் வரிசையாக இருந்தன. ‘பழசு’ மட்டும் இல்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறவள், தன் கண்ணையே நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையாகத் தேடினாள். இல்லையென்றால் இல்லைதான்.

பக்கத்தில் பதினொரு வயது மகள் சம்மணம் போட்டுக் காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றரை வயதாகும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முகம் தெரியும், சுவரில் படம் இருக்கிறது. குரல்தான் தெரியாது. அன்று காலை தலை வாரிக்கொண்டிருக்கும்போது, அப்பா எப்படிப் பேசுவார் என்று திடுதிப்பென்று கேட்டாள். இவ்வளவுதானே, மதியம் போட்டுக் காட்டுகிறேன் என்று அம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் பேசிய ஒரே வீடியோ அந்தப் ‘பழசு’க்குள்தான் இருந்தது. மொத்தம் நாற்பது நொடி. தூங்க மறுக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கெஞ்சுவார்.

இரண்டாவது கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அன்று மதியம் வரை அவளும்தான் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், படம் வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து டிவியிலேயே பார்க்க வீட்டுக்கென்று ஒரு சர்வர் வைக்கவேண்டும் என்று கிளம்பினார். ஒரு வாரம் சோறு இறங்கவிடாமல் பாடம் நடத்தினார். பென் டிரைவ் சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க் ஒருமுறை கை நழுவினால் கதை கந்தல். கிளவுட் என்பது வாடகை வீடு, என்றைக்கிருந்தாலும் சாமானை வெளியே வைத்துவிடுவான். சொந்தமாக ஒரு பெட்டி, உள்ளே இரண்டு டிஸ்க் என்றால் ஒன்று போனாலும் இன்னொன்றில் அத்தனையும் அப்படியே இருக்கும்.

“லிஃப்ட ஒரே கயித்துலயா தொங்க விடுறோம்?” என்றார்.

அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டாள். கிளவுட் கணக்கை அவளே மூடினாள். துணிக்கு அடியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்கையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்றார். பிறகு அந்தப் பழைய டிஸ்கையே துடைத்தழித்து, பெட்டிக்குள் இரண்டாவது டிஸ்காகப் பொருத்தினார்.

சமையலறையில் அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ‘பழசு’ எங்கே என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை.

“இடம் பத்தலம்மா. முக்கியமானத மட்டும் ஏத்தினேன்.”

கொஞ்சம் முன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்திராவிட்டால் அதையும் நம்பியிருப்பாள். திரையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டிருந்தது.

“முக்கால்வாசி காலியா இருக்குங்க.”

ஏற்கெனவே தேய்த்த தட்டையே அவர் மறுபடியும் தேய்த்தார்.

“அத எப்பவாச்சும் ஒருக்கா தனியா உக்காந்து பாப்ப. பாத்துட்டு வந்து என்கிட்ட சிரிப்ப. என்னால தாங்க முடியல.”

டிஸ்க் தானாகச் செத்திருந்தால் தலைவிதி என்று அழுதுவிட்டுப் போயிருப்பாள். சண்டை போட்டு உடைத்திருந்தால்கூட ஒருநாள் மன்னித்திருப்பாள். இவரோ பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பேசிப் பேசி, அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறார். மீட்க முடியுமா என்று கேட்டதற்கு, துடைத்தபோதே மூலை முடுக்கு விடாமல் அழித்தாயிற்று, அதன்மேல் இரண்டு மாதமாகச் சினிமாவும் ஏற்றியாயிற்று என்றார்.

“அத எனக்குன்னா வச்சிருந்தேன்? அவளுக்குங்க.”

“அவ கேப்பான்னு எனக்குத் தோணவே இல்ல” என்றார், மிகவும் மெதுவாக.

அவள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கிடைத்ததா என்று மகள் கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். யார் அழித்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

“அப்ப நீயே அவர மாதிரி பேசிக் காட்டும்மா.”

அவள் கண்ணை மூடினாள். தூங்குடி ராஜாத்தி, உன் கால்ல விழறேன். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. குரல்தான் வரவில்லை. எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் மனசுக்குள் அது சமையலறையில் இருக்கிறவரின் குரலில்தான் கேட்டது.

மகள் டிவியை அணைத்துவிட்டு, நகர்ந்து வந்து அம்மாவின் வாயையே பார்த்தாள். உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது.