ரொட்டிக்காரியும் சொல் தட்டாத பூதமும்

நாக்கில் தேன் இருந்தால் நல்லதுதானே என்கிறீர்களா? முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு தெருவில் ஒரு ரொட்டிக்காரி இருந்தாள். தன் காலை மிதித்தவனிடமே, "ஐயோ, உங்களுக்கு வலிச்சுதா?" என்று கேட்கிற ரகம். அவளுக்கென்று இருந்தது ஒரு சின்ன மகள் மட்டும்தான்.

ஒரு நாள் காலை, அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கும்போது ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அண்டா அளவுத் தலை. பூதம்! நீங்களாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பீர்கள். இவளோ பழக்கதோஷத்தில், "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

அந்தப் பூதம் சொன்ன சொல்லை அப்படியே செய்கிற பூதம். வந்தது, உட்கார்ந்தது, தட்டில் இருந்த அத்தனையையும் தின்றது. எழுந்தபோது அவள், "போயிட்டு வாங்க" என்றாள்.

போனது. தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தது.

மறுபடி மாவு பிசைந்தாள், சுட்டாள். மறுபடி தின்றது. "போயிட்டு வாங்க." போனது, வந்தது. நாள் முழுக்க இதே கூத்து, மறுநாளும் இதே கூத்து. கடையில் விற்க ஒன்றும் மிஞ்சவில்லை, மாவுப் பானையில் அடி தெரிந்தது. மகள் பசியில் அழுது, அழவும் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

மிச்ச மாவில் ஒரே ஒரு ரொட்டி சுட்டாள். பூதம் கையை நீட்டியது.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றீங்க?"

பூதம் விழித்தது. "நீங்கதானேக்கா ஒவ்வொரு தடவையும் 'வாங்க'ன்னு சொல்றீங்க?"

ரொட்டிக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடக் கடவுளே, தன் வாய்தானா எமன்! 'போ' என்று மொட்டையாகச் சொன்னால் போதும். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போங்க" என்றாள்.

பூதம் வாசலைத் தாண்டித் திரும்பியது. "சரிக்கா, அப்ப நான் போயிட்டு வர்றேன்."

"சரிப்பா" என்று சொல்லித் தொலைத்தாள்.

தெருமுனை வரை போனது, வந்து நின்றது. உள்ளே மகள் முனகினாள். ரொட்டிக்காரி ரொட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "போ" என்றாள்.

"போயிட்டு..."

"வராதே."

பூதத்தின் கண் நிறைந்தது. "இத்தனை வீட்டுல நீங்க மட்டும்தான்க்கா என்னை வாங்கன்னு சொன்னீங்க."

"தெரியும்ப்பா. எம்பொண்ணுக்குப் பசிக்குது. போ."

பூதம் போனது. சொல் தட்டாத பூதமல்லவா, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் அந்த ரொட்டியை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு, அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே ரொட்டிக்காரி அழுதாள்.