குச்சியின் நுனி

முதலில் காட்டிக்கொடுத்தது அந்தக் குச்சிதான். இறைச்சித் துண்டுகளைக் குத்திச் சுடுவதற்குக் கட்டுக்கட்டாக விற்பார்களே, அந்த மூங்கில் குச்சி. நுனியைச் சீவித் தட்டையாக்கிவிட்டால், பொம்மை ரயில் பெட்டிகளைக் கழற்ற அதைவிட மலிவான கருவி உலகத்தில் கிடையாது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நுனியை இறக்கி, கொக்கிக்கு அடியில் கொடுத்து ஒரு திருகு, அவ்வளவுதான். இருபது வருஷமாகச் செய்கிறேன். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்து ஷெட்டில், நுனி கொக்கிக்குப் பக்கத்தில் போய் நின்று ஆடியது. குளிர் என்று நினைத்தேன். ஹீட்டரைப் போட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். விரல் ஆடுவது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு சாண் தள்ளியிருந்த நுனி பெட்டியை டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மலையோரப் பண்ணை வீடுகளில் ஆரம்பித்து நாற்பத்தோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கம் கல்சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக இறங்கும் சாலையில் தினம் இரண்டு நடை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை ஆடவில்லை. அதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் தொடையில் கிடக்கும் கட்டைவிரல் தானாக எதையோ உருட்டும். அப்பாவுக்கும் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. கடைசியில் ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் சூப் பாதி மடியில் இருக்கும். டாக்டரிடம் போனால் அவர் ஒரு பெயர் சொல்வார், அந்தப் பெயர் லைசென்ஸ் ஆபீசுக்குப் போகும், பஸ் போய்விடும். அதனால் போகவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் பஸ்ஸை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? யாரிடமும், என் மனைவி லொரேனிடம்கூட, மூச்சுவிடவில்லை.

பிப்ரவரியில் எங்கள் பொம்மை ரயில் கிளப்பின் கண்காட்சி, வழக்கம்போல சர்ச் ஹாலில். பெட்டிகளை மாட்டிக் கழற்றுகிற சரக்கு யார்டு எப்போதும் என் பொறுப்பு. சின்னச் சின்ன வீடு, சின்னச் சின்ன ஆட்கள், அதற்கு மேலே வானத்திலிருந்து பூதாகாரமாக ஒரு கை இறங்கினால் எல்லா மாயமும் போச்சு. குச்சி வரலாம், விரல் படக்கூடாது. பட்டால் கிளப் நண்பன் பெர்னார்ட் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி "ஆண்டவன் கை" என்று கத்துவான். கை போட்டவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். இருபது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட டீ போட்டதில்லை. இந்த வருஷம் வர முடியாது என்று சொன்னால் ஏன் என்று குடைவார்கள். போய் நின்றால் நூறு பேர் பார்க்கக் குச்சி ஆடும்.

ஆகவே குச்சியே இல்லாமல் கழற்ற ஒரு வழி தேடினேன். சாண்ட்விச் பெட்டியின் பிளாஸ்டிக்கை வெட்டி, தண்டவாளத்துக்கு நடுவே சின்ன மேடாக வளைத்து ஒட்டினேன். மேலே போகும் கொக்கிகளை அது தூக்கிவிட்டது. கூடவே எடை குறைந்த பெட்டிகளையும் தூக்கித் தடம் புரட்டியது. கிழித்துப் போட்டுவிட்டு, சமையலறை அலமாரிக் கதவுகளிலிருந்து காந்தங்களைப் பிடுங்கித் தண்டவாளத்துக்கு அடியில் புதைத்தேன். ஒவ்வொரு கொக்கியின் பின்முனையிலும் ஸ்டேப்ளர் பின்னில் வெட்டிய துண்டு. காந்தம் பின்முனையைக் கீழே இழுக்க, முன்முனை எழும்பிக் கழன்றுகொள்ளும். மூன்று மாதம் ராப்பகலாக அதே நினைப்பு. ஒட்டும்போது பசை எங்கெங்கோ அப்பியது, கெட்ட வார்த்தைகளும் தாராளமாக வந்தன.

"ஒரு குச்சி போதும், ஒரு குச்சி போதும்னு ஊரெல்லாம் பீத்திக்குவ. இப்ப என் அலமாரிக் கதவு ஏன் மூட மாட்டேங்குது?" என்று லொரேன் கேட்டாள்.

"காலம் மாறுது கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. பசை ஒட்டியிருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவை டேப் போட்டு ஒட்டினாள்.

கண்காட்சியன்று காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. என்ஜினைக் காந்தத்துக்கு மேல் நிறுத்தி லேசாகப் பின்னால் தள்ளுவேன், பெட்டி கழன்று நிற்கும், என்ஜின் தனியாகப் போகும். இடது கையால் என்ஜினை ஓட்டும் வேகத் திருகியைப் பிடித்திருந்தேன், வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். ஜனங்கள் குனிந்து குனிந்து தேடினார்கள். "எங்கடா வெச்சிருக்க சூட்சுமத்த?" என்று பெர்னார்ட் காதைக் கடித்தான். பயம் கொஞ்சம் இறங்கி, பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒன்று தின்னலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் தன் புது டேங்கர் வண்டியைக் கொண்டுவந்து என் ரயிலின் வாலில் மாட்டிவிட்டான்.

என் பெட்டிகளின் அச்சுகளெல்லாம் பித்தளை. அவனுடையது எஃகு, காந்தம் விடாது. இது கிளப்பில் எவனுக்கும் தெரிகிற விஷயம்; ஒருவனிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பான். நான் யாருக்கும் தெரியாமல் ஷெட்டுக்குள் என் பெட்டிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், முட்டாள். டேங்கர் காந்தத்துக்கு மேல் வந்ததும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. மற்றவை கழன்று முன்னால் போயின. திரும்பி வந்து தள்ளினால் அரை அங்குலம் நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. யாரோ சிரித்தார்கள்.

"குச்சிய எடு ரோலி," என்றான் பெர்னார்ட். "ஒரு நெம்பு நெம்பு. உன்னவிட யாரு."

நீயே நெம்பு என்று சொல்லியிருக்கலாம். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். நுனி டேங்கரை எட்டுவதற்கு முன்பே ஆட ஆரம்பித்தது. அடக்கலாம் என்று இறுக்கிப் பிடித்தேன், இன்னும் மோசமாயிற்று. டக் டக் டக். விளக்குக் கம்பம் விழுந்தது, சரக்கு ஆபீசுக்கு முன்னால் நின்ற ஒரு சின்ன ஆள் விழுந்தான், டேங்கர் சாய்ந்து பக்கத்துப் பாதையில் உருண்டது. குச்சியைப் போட்டுவிட்டு விரலாலேயே அதை எடுத்தேன். அதுவும் நழுவி விழுந்தது.

பெர்னார்ட் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்திவிடு, தயவுசெய்து கத்திவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். கிளப் ஆட்கள் நாலு பேரும் என் கையையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை.

பெர்னார்ட் டேங்கரை எடுத்துத் துடைத்தான். அதையே பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டான்: "எத்தன நாளா?"

"காபி ஜாஸ்தியாயிடுச்சு இன்னிக்கு."

"ரோலி. டாம்சின் உன் பஸ்லதான் போறா."

அவன் பேத்தி. ஒன்பது வயது. நாலாவது நிறுத்தத்தில் ஏறுவாள், ஏறும்போதே குட்மார்னிங் சொல்வாள்.

"ஸ்டீயரிங் புடிச்சா ஆடாது," என்றேன். அதைச் சொல்லும்போதே மூன்று வாரத்துக்கு முன்னால் கல்சுவரில் உரசிய பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஞாபகம் வந்தது. பனி என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தேன். பனிதானா?

"திங்கக்கிழம வண்டி எடுக்கிறியா?"

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பார்க்கிங்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னாலேயே லொரேன் வந்தாள். டீ மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்திலிருந்து காரை நான்தான் ஓட்டுவேன், அவள் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவாள். கார் வரைக்கும் போனேன். ஓட்டுநர் கதவின் கைப்பிடி வரைக்கும் போனேன். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றேன்.

"அந்தப் பக்கமா?" என்றாள்.

"பயமா இருக்கு லொரேன்."

சாவியைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே ஏறி, சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள், தன் பெல்ட்டை மாட்டினாள். பிறகு நேராகப் பார்த்தபடி, என்ஜினை உயிர்ப்பிக்காமல் காத்திருந்தாள். நானும் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன்; அதன் உலோக நாக்கு பூட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.