மூன்று தாள் கனம்

கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே, வெள்ளைத் தாளில் ஆறு ஓட்டைகள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"பாத்தீங்கல்ல அண்ணி? ஆறும் ஒரே எடத்துல. அப்ப தப்பு என் மேலயா, இந்தத் துப்பாக்கி மேலயா? முன்குறிய அராவி விட்டுடுங்க" என்றாள் பூட்டு.

அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது பணம் ஏற்றிப் போகும் வேனின் ஓட்டுநர். கதவைப் பூட்டிய பிறகும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க விட மாட்டாள். பதினான்கு வருடமாக அந்த வேனில் காவலுக்குப் போகிறவள், போன வாரம் வருடாந்தரச் சுடும் தேர்வில் தவறிவிட்டாள். இன்று மூன்று மணிக்குக் கடைசி வாய்ப்பு. பன்னிரண்டு குண்டில் ஒன்பது கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து அலுவலக வாசலில் நாற்காலி போட்டு, வந்து போகிறவர்கள் பெயரை எழுத வேண்டியதுதான்.

சுடுதளத்தின் பின்னறையில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவள் அண்ணி. வயதில் பூட்டைவிட இரண்டு மாதம் இளையவள்தான். இருந்தாலும் அண்ணி அண்ணிதான். அவள் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழலின் நுனியில் நிற்கும் சின்னத் தகடுதான் முன்குறி. அது தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் குழல் தலை குனியும், குண்டு கீழே போகும். அராவிக் குட்டையாக்கினால் குண்டு மேலே ஏறும். பூட்டு சொன்னதில் நியாயம் இருந்தது.

"அராவுறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அராவினத திரும்ப ஒட்ட முடியாது" என்றாள் அண்ணி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எது கோணல்னு மொதல்ல பாத்துடுவோம்."

"பதினாலு வருஷமா ஆடுறவ நானு."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

அண்ணி முதுகைக் காட்டி நின்று தோட்டாக்களை அடைத்தாள். உருளையின் ஆறு துளைகளில் சிலவற்றில் உயிருள்ள தோட்டா, சிலவற்றில் சுட்டு முடிந்த வெற்றுக் கூடு. எது எங்கே என்று சொல்லவில்லை. பூட்டு காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு குறி பார்த்தாள். முதலாவது வெடித்தது. இரண்டாவது 'டொக்' என்றது.

வெடிக்காத அந்த ஒரு கணத்தில் அவள் தன் கையைத் தானே பார்த்தாள். குழல் நுனி தரையைப் பார்த்துத் தொபுக்கென்று குனிந்தது. வெடிச்சத்தமும் உதறலும் இத்தனை நாள் மூடி வைத்திருந்த திருட்டு அது. பூட்டுக்குக் காது மடல் சூடேறியது. அவமானமாக இருந்தது. ஆனால் அதையும் மீறி, இது என் கையா, எப்போது இதைக் கற்றுக்கொண்டது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வந்தது.

"பயந்து குனியல" என்றாள் அண்ணி, அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே. "பயந்தா தோள் சேந்து வரும். இது உள்ளங்கைலேர்ந்து அமுக்குது. என்னத்த அமுக்குற நீ?"

பூட்டு யோசித்தாள். பிறகு மெல்ல இடுப்பு உறையைத் தொட்டாள். பழைய ரிவால்வரை இரண்டு மாதம் முன்னால் திருப்பி வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார்கள். உறை மட்டும் பழையது. இது அதில் லொடலொடவென்று ஆடும். வேன் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது விழுந்துவிடாமல் உள்ளங்கையால் அமுக்குவாள். ஒரு நாளைக்கு எத்தனை பள்ளம்? எண்ணியவர் யார்?

"கதவ மூணு தடவ இழுத்துப் பாக்குறவ, இத எத்தன தடவ அமுக்கியிருப்ப" என்று அண்ணி சிரித்தாள். பூட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒவ்வொண்ணையும் வெத்துன்னு நெனச்சுக்கோ. உள்ள என்ன இருக்குன்னு பாக்குற மாதிரி விசைய இழு."

டொக். டொக். வெடி. டொக். அண்ணி மறுபடி மறுபடி கலந்து அடைத்துக் கொடுத்தாள்; கடைசியில் ஒரு வெற்றுக் கூட்டுக்குக் குழல் அசையவே இல்லை. அடுத்தது வெடித்தது. இருவரும் இலக்கு அட்டை வரை நடந்து போய்ப் பார்த்தார்கள். அந்தக் கடைசிக் குண்டின் ஓட்டை வட்டத்தின் அடி விளிம்புக்கு வெளியே, இரண்டு விரல் கீழே இருந்தது.

பூட்டின் முகம் வாடியது. அண்ணி மட்டும் புருவத்தைத் தூக்கினாள். ரிவால்வரை மணல் மூட்டைமேல் வைத்துத் தானே மூன்று முறை சுட்டாள். மூன்றும் அதே இரண்டு விரல்.

"கூடமும் கோணல்தான்டி."

மணி ஒன்றரை. அண்ணி ரிவால்வரைப் பிடிகருவியில் இறுக்கி அரத்தை எடுத்தாள். "அந்த ரெண்டு வெரலயும் தாண்டி வட்டத்து நடுவுக்கு ஏறணும்னா மூணு தாள் கனம் போதும். ஒரு சாணுக்கும் சேத்து அராவிட்டா, கை குனிஞ்சாலும் இன்னிக்குப் பாஸாயிடுவ. எவ்வளவு அராவ?"

பூட்டு அந்த வாசல் நாற்காலியை நினைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று மணிக்கு அது என்ன செய்யும் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

"மூணு தாள் போதும் அண்ணி."

அண்ணி அராவினாள், தடவிப் பார்த்தாள், மறுபடி இரண்டு இழுப்பு. பளபளத்த முனையை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினாள், கண்ணுக்கு மை தீட்டுவதுபோல. பழைய உறைக்குள் ஒரு தோல் துண்டை மடித்துச் செருகிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குக் கோட்டில் நின்றபோது, எல்லாம் உயிருள்ள தோட்டா என்று பூட்டுக்குத் தெரியும், அடைத்ததே அவள்தான். ஆனாலும் துப்பாக்கியின் பின்பக்கக் குறிப்பள்ளத்தின் நடுவே முன்குறியின் அந்தக் கறுப்பு முனையை நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறதோ பார்ப்போம் என்று விசையை இழுக்கத் தொடங்கினாள். உருளை மெல்லச் சுழன்றது. குழல் நுனி அசையாமல் நின்றது.