கிரஷர் வெல்லம்

கலையரசி குனிந்து கஞ்சித் தட்டை நீட்டியபோதுதான் பரசுராமன் அதைப் பார்த்தான். அவள் காது மடிப்பில் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையைப் பெருக்கித் துடைக்கப் போவதாக அல்லவா புருஷனான அவனிடம் சொல்லியிருந்தாள்? பட்டில் ஏது கல்தூசி? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாகறல் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி அள்ளியவனுக்கு அந்த வெள்ளை தெரியாதா என்ன. குளித்தாலும் காதை விட்டுப் போகாது. அவன் நெஞ்சை விட்டும் போகவில்லை. நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, இனி மாத்திரைக்கு இளகாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் கையை விரித்துவிட்டார். நாற்பது வயசுக்காரன், கொல்லைக்குப் போவதற்குள் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"கிரஷருக்கா போய்க்கினு இருக்கே?"

"வேற யாரு வேலைக்குக் கூப்புடறாங்க? பயப்படாத மாமா. நான் உன்ன மாதிரி ஏமாளி இல்ல. குடுக்குற வெல்லத்த அங்கயே தின்னுடறேன்."

வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று, வேலை முடிந்ததும் மேஸ்திரி ஆளுக்கொரு கட்டி கொடுப்பார். புண்ணியவான், மூக்கில் கட்ட ஒரு துணி கொடுக்க மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. பரசுராமன் தன் கட்டியைத் தின்றதில்லை. புதுப் பெண்டாட்டிக்கு இனிப்பென்றால் உயிர். லுங்கி முனையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தான். அவள் பழைய பெண்டாட்டி ஆன பிறகும் அது நிற்கவில்லை.

"எனக்கு எடுத்தாந்து குடுத்துத்தானே உனக்கு இப்படி ஆச்சு," என்றாள் கலையரசி. "உன் பங்கெல்லாம் நான்தானே தின்னேன்."

இப்படியொரு பாரத்தை இவள் சுமக்கிறாள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. சொல்ல வாயெடுத்தான், இருமல் மறித்தது. அவள் அவன் முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் சொன்னான்.

"டாக்டரையே கேட்டேன். நீ மாத்திர வாங்க நின்னுக்கினு இருந்தே. வெல்லம் வயித்துக்குப் போவுது, தூசி நெஞ்சுக்குப் போவுது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லியாம். போவாத கலை. உன் கால்ல விழறேன்."

அவள் ஆறிப்போன கஞ்சித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"போவாம? அடுப்பு எப்படி எரியும்?"

விடிந்ததும் கிரஷர் வண்டி ஹார்ன் அடித்தது. தலைப்பை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வாசலை மறிக்க எழுந்தவன் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெல்லக்கட்டி கடிபடாமல் முழுசாக இருந்தது.

"தூசிக்குத்தான் இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு ஆயிடுச்சே. நீ தின்னு மாமா," என்று அவன் வாயில் வைத்தாள்.