தெற்றிச் செடி நின்ற மூலை

லிஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூச்சி வந்துவிட்டது. தெற்றிச் செடிக்கு முன்னால், எதிலும் உட்காராமல், காற்றில் அப்படியே நின்றது. கிளிப்பச்சை உடம்பு, இடுப்பில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை, வால்நுனியில் கறுப்புக் குஞ்சம். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அதிர்வு மட்டும்தான் தெரிந்தது. நீளமான குழலைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சியது, எடுத்தது, அடுத்த பூவுக்கு நகர்ந்தது. அவள் விரல் செல்போனைத் தொடுவதற்குள் ஆளைக் காணோம். படத்தில் விழுந்தது பூ மட்டும். நேற்றும் பூ மட்டும்தான். தெற்றிப் பூவை, வெளியூர்க்காரர்கள் இட்லிப்பூ என்பார்களே அதை, நெய்யூர் வட்டாரத்தில் இவ்வளவு படம் எடுத்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் தேன்சிட்டுக் குஞ்சு என்றுதான் நினைத்தாள். செல்போனில் தேடியபோது அந்துப்பூச்சி வகை என்று வந்தது. நம்ப முடியவில்லை. அந்துப்பூச்சி என்றால் ராத்திரி டியூப்லைட்டில் முட்டிச் செத்து, காலையில் துடைப்பத்தோடு போவது. இதுவோ நல்ல வெயிலில், யாரிடமும் கேட்காமல் வந்து குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போகிறது. கொடுத்து வைத்த பூச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் எபிசன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் கழுத்துச் செயினை யாரோ பறித்துக்கொண்டு ஓடிய பிறகு, வீட்டைச் சுற்றிக் காமிரா வைக்கச் சொன்னான். கேட்டில் ஒன்று, முன்பக்கச் சிட்-அவுட்டில் ஒன்று, அடுக்களை வாசலில் ஒன்று. நல்ல எண்ணத்தில்தான் வைத்தான். அதில் பேசவும் முடியும் என்பது மாட்டிய பிறகுதான் லிஜாவுக்குத் தெரிந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், சுவர் பேசும். "லிஜா, மழ வாறது மாதிரி இருக்கு, எடுத்துரு." கறிவேப்பிலை கேட்டு வந்த கிரேசி அக்கா தெருமுனை தாண்டுவதற்குள், "அது யாரு, கேட்டுல நின்னு பேசிட்டுப் போனது?" அவன் கத்துகிறவன் இல்லை. சந்தேகப் புத்திக்காரனும் இல்லை. வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு தன் வீட்டைப் பார்க்கிறான், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால், மதிலை ஒட்டிய இந்த மூலை மட்டும் எந்தக் காமிராவிலும் விழாது. இங்கே வந்தால் நைட்டிக்கு மேல் துண்டு போடுவதை மறந்துவிடுவாள். ஒருநாள் காரணமே இல்லாமல் அழுதாள். இன்னொரு நாள் தன்னை மறந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் பூச்சியைக் கண்டாள். கல்யாணத்துக்கு முன்பு கருங்கல் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைத்தவள் அவள். ஆடி அசைந்த மாப்பிள்ளைகளையும் கண்மூடிய மாமன்மார்களையும் கம்ப்யூட்டரில் சரிப்படுத்தி அலுத்த கண். அந்தக் கண் இப்போது மறுபடி விழித்துக்கொண்டது. இந்த மூலை இருக்கிறவரை எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மாமியார் ஜெயபாய் படுத்த பிறகு வந்தாள். பூச்சியைத் துரத்தாமல், அது இன்னும் தொடாத ஒரு கொத்தைப் பார்த்துச் செல்போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வந்தது. படம் விழுந்தது. குழல் பூவுக்குள் இருந்தது, சிறகு கண்ணாடிபோல நரம்பு நரம்பாகத் தெரிந்தது. யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும். காட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? எபிசனுக்கு அனுப்பினாள்.

உடனே கூப்பிட்டான். "ஏட்டி, நீ இது எங்க எடுத்தா?"

"நம்ம வீட்லதான். மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால."

"கொள்ளாமே, நல்லாருக்கு. ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். நெட்ல எடுத்ததுன்னு சொல்லுகானுவ." பெருமையாகச் சிரித்தான். பிறகு, "ஆனா எனக்கு அந்த எடம் தெரியல்லியே," என்றான்.

"அங்க காமிரா கெடையாதுல்லா," என்றாள். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

ரெண்டு நாளில் காமிராக்காரர் ஏணியோடு வந்தார். ஜெயபாய் மாமி அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னத்துக்கு மாமி? மதிலும் மோட்டாரும்தான கெடக்கு."

"அவன் ஆசப்படுகான் மக்ளே. அந்தப் பூச்சியப் பாக்கணுமாம். அங்க மணலையும் ஏசிப் பெட்டியையும் விட்டா என்னத்தக் கண்டான்? பாத்துட்டுப் போவட்டும்."

மாமி சொன்னது பொய் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். யாரும் பார்க்காத இடம் உனக்கு எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? என்ன சொன்னாலும் எதையோ ஒளிக்கிறவளாகத்தான் ஆகிவிடுவாள்.

மதிலில் சாய்த்திருந்த ஏணிக்குக் கீழே போய் நின்றாள். "அண்ணே, கொஞ்சம் கீழ பாத்து வையுங்க. மோட்டார்தான் களவு போவும்."

அவர் பாவமாகத் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "சாரு லைன்ல இருக்காவ."

"இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல," என்றது எபிசனின் குரல். "போதும், போதும். லிஜா, இப்ப உன்ன நல்லாத் தெரியுது." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் வெறுக்க முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மேல், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பான். பூச்சி வந்தது. அதற்கு என்ன தெரியும். கீழ்க்கொத்தில் தொடங்கி ஒவ்வொரு பூவாக மேலே ஏறியது. லிஜா செல்போனைத் தூக்கினாள்.

"லிஜா, கொஞ்சம் தள்ளி நில்லு. நீ செடிய மறைக்கியா," என்றது மதில்.

திடுக்கிட்டுக் கையை இழுத்தாள். தள்ளி நின்றாள். செடியில் பூ மட்டும் இருந்தது. பிறகு செல்போன் சிணுங்கியது. காமிராவில் பிடித்த படம் ஒன்றை அனுப்பியிருந்தான். ஒரு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, கீழே, "இதுதானா?" என்று கேட்டிருந்தான்.

மேலிருந்து எடுத்த படம். தெற்றி, பாசி பிடித்த மதில், அவளுடைய தலை வகிடு, துண்டு. பழைய ஸ்டுடியோ பழக்கத்தில் இரண்டு விரலால் அந்த வட்டத்தைப் பெரிதாக்கினாள். சிவப்புப் பூக்களுக்கு முன்னால் எதுவோ படபடத்து மங்கலாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள்.

"கண்டுட்டேன் பாத்தியா," என்றது மதில். "அதுதானே?"

வட்டத்துக்குள் இருந்தது அவளுடைய கை.