ஏப்ரல் ஒன்பது

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் பதினோரு வருடமாக ஒரே தேதிதான், ஏப்ரல் ஒன்பது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணன் செய்யும் முதல் வேலை, ராத்திரியோடு பத்தாகிவிட்ட தேதியைப் பிடித்து இழுத்து மறுபடி ஒன்பதில் உட்கார வைப்பது. அதற்கப்புறம்தான் டீ.

எல்லாம் பெயர்ப்பலகை எழுத்து வெட்டும் மென்பொருளுக்காக. வெட்டும் மிஷினோடு சேர்ந்து வந்தது அது. முதல் நாள் திறந்தபோது 'இலவசப் பயன்பாடு, இன்னும் முப்பது நாள்' என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. தேதியே நகராவிட்டால் முப்பது நாள் எப்படி முடியும் என்று அண்ணன் கணக்குப் போட்டான். மறுநாள் தேதியைப் பின்னால் தள்ளினான். பெட்டி வரவில்லை. தன் மூளையை அவனே மெச்சிக்கொண்டு தெருவில் பாதிப் பேருக்கு டீ வாங்கித் தந்தான்.

நெட் இருந்தால் தேதி தானாகச் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, நெட் வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டினான். போன மழையில் இடி விழுந்து பென்டிரைவ் செருகும் துளைகள் அத்தனையும் செத்தன. மெக்கானிக்கைக் கூப்பிட விடவில்லை. வந்தவன் தேதியைத் திருத்திவிட்டால் என்ன செய்வது? மிஷினும் கீபோர்டும் மவுஸும் அந்தக் காலத்து வேறு துளைகளில் ஓடியதால் பிழைப்பும் ஓடியது.

என் பிழைப்பைச் சொல்ல வேண்டுமே. பத்தொன்பது வயதிலிருந்து எழுத்து வடிவமைப்பு படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடப் படிப்பு, வெளியூர், விடுதியில் தங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வான். மென்பொருள் எந்த நாள் நின்றுபோகும் என்று தெரியாது, நின்றால் கத்தி பிடித்துக் கையால் எழுத்து வெட்ட வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. இதில் என்னைப் பாராட்டுகிறானா கட்டிப்போடுகிறானா என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

அந்தப் படிப்புக்கு முப்பது வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு அடுத்த வாரம் முடிகிறது. விண்ணப்பம் இன்று ஐந்து மணிக்கு மூடுகிறார்கள்.

நான் வடிவமைத்த பத்துப் பலகைகளை ஃபோனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தேன். படம் வேண்டாம், மூலக் கோப்பு வேண்டும் என்று திரும்பி வந்தது. மூலக் கோப்புகள் ஏப்ரல் ஒன்பதுக்குள் கிடந்தன, பென்டிரைவில் எடுக்க வழியில்லை. அண்ணன் பல் மருத்துவமனைக்குப் பலகை மாட்ட ஏணியோடு போயிருந்தான். மணி ஒன்று. ஆணியிலிருந்து வயரை எடுத்துத் தூசி தட்டிச் செருகினேன்.

கல்லூரியின் பக்கம் திறக்கவில்லை. உங்கள் பிரவுசர் மிகப் பழையது, புதுப்பிக்கவும் என்றது. புதுப்பிக்கப் போனால், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று அதுவும் கதவைச் சாத்தியது. கல்லூரியின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் விவரம் கேட்டுவிட்டு, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று இனிமையாகச் சொன்னாள். நன்றி சொல்லி வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு, பிழைச் செய்திகளை யாரும் கடைசிவரை படிப்பதில்லையே, நாம் படிப்போம் என்று உட்கார்ந்தேன். கடைசி வரியில் இருந்தது: உங்கள் கணினியின் கடிகாரம் தவறாக உள்ளது.

நெட் வந்தும் தேதி தானாகச் சரியாகவில்லை, கம்ப்யூட்டரை அணைத்துத் தொடங்கினால்தான் ஆகுமோ என்னவோ. கையைக் கட்டிக்கொண்டு அந்தத் தேதியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. ஆனது ஆகட்டும் என்று மென்பொருளை மூடினேன். மூடியிருக்கும்போது அதற்குத் தேதி தெரியாது என்பது என் நம்பிக்கை. தேதியைப் பதினோரு வருடம் முன்னால் தள்ளி இன்றைக்குக் கொண்டுவந்தேன். கதவு திறந்தது.

அப்போதும் சும்மா விடவில்லை. புத்தம் புதுப் பிரவுசர் இந்தக் கிழத்தில் ஏறாதாம். கிழத்துக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பு எது என்று பக்கம் பக்கமாகத் தேடி, இரண்டு தவறானவற்றை இறக்கி, மூன்றாவதில் சரியானது சிக்கியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்ந்தது என் கண்தான். மணி நாலேகால் ஆனபோது ஒரு செய்தி வந்தது: கணினியை அணைத்து மறுபடி தொடங்கவும்.

கம்ப்யூட்டர் தொடங்கினால் மென்பொருளும் கூடவே தானாகத் திறக்கும். அண்ணன்தான் யாரையோ வைத்து அப்படிச் செய்திருந்தான். அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது. தேதியைப் பின்னுக்குத் தள்ளித் தொடங்கலாம் என்றால், தொடங்கும்போது நெட் அதைச் சரி செய்துவிடும் என்ற பயம். வயரைப் பிடுங்கினால் பிரவுசர் பாதியில் நின்றுபோகுமோ என்று இன்னொரு பயம்.

அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "உன்கிட்ட கேக்கல அண்ணா, சொல்றேன். கடை உன்னோடது. அதனாலதான் சொல்றேன்."

"இரு, வரேன்," என்று வைத்துவிட்டான். இருபது நிமிடத்தில் வாசலில் நின்றான், சட்டை முழுக்க சுண்ணாம்புத் தூசி. திட்டுவான் என்று வரிந்து கட்டிக்கொண்டு இருந்தேன். அவன் திரையையும் என்னையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"இரு பாப்பா. நானே அழுத்துறேன். நாளைக்கு உன் மேல கோவம் வந்தா நல்லா இருக்காது."

அழுத்தினான். திரை கறுத்து, முனகி, வெளிச்சம் வந்தது. மூலையில் இன்றைய தேதி. மென்பொருள் தானாக விரிந்தது. பெட்டி வரும் இடத்தையே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வரவில்லை. நேற்று வெட்டிய பல் மருத்துவமனை எழுத்துகள் அப்படியே நின்றன.

முதலில் என் வேலையை முடித்தேன். பத்துக் கோப்புகள், ஒவ்வொன்றாக ஏறின. நாலு ஐம்பத்தெட்டுக்கு 'பெறப்பட்டது' என்று வந்தது. அப்புறம்தான் மென்பொருளின் உள்ளே போய் 'உரிமம்' என்ற இடத்தைத் திறந்தேன். முழு உரிமம், காலவரம்பு இல்லை. பதிவான தேதி, மிஷின் வந்த மறுநாள்.

அன்று காலை, தேதியைப் பின்னால் தள்ளும் முன்பே, மிஷினுக்கு பிளேடு மாட்ட வந்த ஆள் ஏதோ ஒரு நம்பரை அடித்துவிட்டுப் போனது அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"அப்போ நீ பத்தொம்பது வயசுலயே போயிருக்கலாம்."

பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் மொத்தமும் கிளம்பியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? கேட்க வாயெடுத்தேன். அவன் காலியான ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தானே பார்க்கவில்லை.

"இப்ப போறேன்ல," என்றேன்.

மறுநாள் காலை அண்ணன் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான். கை பழக்கத்தில் தேதி இருக்கும் மூலைக்குப் போனது. தேதியைத் தொடாமல் திரும்பியது. பிறகு அவன் எழுந்து டீ சொல்லப் போனான்.